அணைக்கக்கூடாத பெட்டி

ஜனவரி 18, ஞாயிறு

சென்னியப்பன் மாமாவுக்கு மூன்றாவது கோப்பை. இந்த சீசனில் நடந்த மூன்று ரேக்ளா பந்தயத்திலும் அவருடைய மாடுகள்தான் முதல். அம்மாவின் தம்பி ஜெயித்ததால் வீட்டில் பாயசம். பந்தயச் சங்கத்தின் செயலாளரும் அவரே என்பதால் ஊரில் முணுமுணுப்பு. நேரம் பார்க்கும் பெட்டியைச் செய்தது அவருடைய அக்கா மகள், அதாவது நான், என்பதால் அந்த முணுமுணுப்பு என் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாகவே இருக்கிறது.

எங்கள் பக்கத்து ரேக்ளாவில் வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதில்லை. ஒவ்வொரு வண்டியும் தனியாக இருநூறு மீட்டர் ஓடும். யாருக்குக் குறைந்த நேரமோ அவருக்குக் கோப்பை. முன்பெல்லாம் ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நின்று, பிறகு ஆளுக்கொரு சட்டைக் காலரைப் பிடிப்பார்கள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிற நான் எதற்கு இருக்கிறேன் என்று மாமா கேட்டார். வண்டி ஓடுகிற தடத்தின் இரண்டு முனையிலும் ஒளிக்கதிர், நடுவில் ஒரு பெட்டி, பெட்டியில் நொடியில் நூறில் ஒரு பங்குவரை காட்டுகிற சிவப்பு எண்கள். சண்டை நின்றது. எல்லாரும் பெட்டியைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நிஜமாகவே கும்பிடுகிறார்கள். காலையில் விபூதி, குங்குமம், மேலே ஒரு எலுமிச்சம்பழம், சூடம் காட்டி சுவிட்சைப் போட்டால் கடைசி வண்டி ஓடி முடிகிறவரை அணைக்கக் கூடாது. முதல் வருஷம் யாரோ மத்தியானம் அணைத்துப் போட்டார்களாம், அடுத்த வண்டியின் சக்கரம் கழன்றுவிட்டதாம். அன்றிலிருந்து மாமாவின் உத்தரவு. சுவிட்சைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்றார். ஒடிப்பார் என்பதால் சரி என்றேன்.

இன்று பரிசு கொடுத்து முடிந்ததும் பால் பூத் பட்டீஸ்வரன் என் மேஜைக்கு வந்தார். எட்டு மணிக்குள் பூத்தைத் திறக்க வேண்டும் என்று எப்போதும் முதல் வண்டியாக ஓட்டிவிட்டுப் போய், மறுபடி முடிவைப் பார்க்க வருகிற ஆள். மாமாவோ, விழா நடத்துகிறவர் கடைசியில் ஓட்டுவதுதான் மரியாதை என்று கடைசியில் ஓட்டுவார்.

“ஏனுங்க டீச்சர், உங்க பொட்டி வெடியால ஒழுங்காத்தான் ஓடுது. வெயில் ஏற ஏறச் சோம்பிப் போவுதாட்ட இருக்குதுங்க.”

“பொட்டி சோம்பாதுங்க. மாடுதான் சோம்பும்.”

“என்ற மாட்டையா சொல்றீங்க?”

“பொதுவாச் சொன்னேன்.”

மாமாவின் வண்டியை அவர் தன் போனில் அளந்தாராம். பெட்டி சொன்னதைவிடக் கூடுதலாக வந்ததாம். உங்கள் கட்டைவிரல் மெதுவாக அழுத்தியிருக்கும் என்றேன். அந்த மனிதர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார். என் பெட்டியைக் குறை சொல்ல வந்துவிட்டார், பெரிய விஞ்ஞானி.

ஜனவரி 19, திங்கள்

மிளகாய் காயவைத்தேன். இரண்டாம் ஆண்டு விடைத்தாள் பாதி திருத்தினேன். பால்காரரைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை.

ஜனவரி 21, புதன்

காலையில் பால் பூத்துக்குப் போனேன். “நம்ம வீட்டுலயே ரெண்டு மாடு கறக்குது, உனக்கெதுக்குடி பூத்துப் பாலு?” என்று அம்மா வாசலில் மறித்தாள். அங்கே கொழுப்பு அளக்கிற மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் போகிறேன் என்றேன். “யாருக்குக் கொழுப்புன்னு எனக்கு மெஷின் இல்லாமயே தெரியுது” என்றாள்.

போன இடத்தில் கேள்விப்பட்டது மனசுக்குச் சரியில்லை. பட்டீஸ்வரனின் அப்பா ஆறுச்சாமி, அடுத்த செவ்வாய்ச் சந்தையில் அந்த ஜோடியை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டாராம்.

“மூணு பந்தயமுந் தோத்தாச்சு, மாட்டுக்கு வெசை போயிருச்சுன்னு அய்யன் சொல்லிப்போட்டாருங்க. தீவனம் போட்டுக் கட்டுப்படி ஆவுலீன்னு.”

“வேற யாராச்சும் ஓட்டறதுக்கு வாங்குவாங்கல்ல?”

“தோத்த மாட்டை ஓட்டறதுக்கு யாருங்க வாங்குவாங்க? எடைக்குத்தான் வாங்குவாங்க.”

அதைச் சொல்லிவிட்டு, கேனில் இருந்த பாலை அளந்து ஊற்றுவதிலேயே குறியாக இருந்தார்.

பூத்துக்குப் பின்னால் இரண்டும் கட்டியிருந்தன. ஒன்றின் பெயர் ஊமையன், கத்தவே கத்தாது. இன்னொன்றின் பெயர் வாத்தியார். ஏன் அந்தப் பெயர் என்று கேட்க வேண்டியதில்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவளைப் பார்ப்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தது. தினமும் வெடியக்காலம் வாய்க்கால் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதாகவும், போன வருஷத்து வேகத்தில் துளியும் குறையவில்லை என்றும் பட்டீஸ்வரன் சொன்னார். போனை நீட்டிக் காட்டினார்.

“பொட்டி ஆள் பாத்து ஓடுதுன்னு சொல்றீங்களா?” என்று கேட்டேன். எனக்குக் கோபம்.

“ஆள் பாக்குதுன்னு சொல்லலீங்க. வெயில் அதுக்கு ஆவுலீன்னுதான் சொல்றன். தலைக்கு மேல ஒரு ஓலையப் போட்டுப் பாருங்களேன்.”

ஓலையாம்! என்ன ஆளோ.

ஜனவரி 22, வியாழன்

பூத்துக்குப் போகவில்லை. அம்மாதான் “இன்னைக்குக் கொழுப்பு பாக்கலியா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

ஜனவரி 24, சனி

கல்லூரிக்கு விடுமுறை. ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லேபுக்குப் போனேன். பால்காரர் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். சுவிட்சைப் போட்டேன், சுவர்க் கடிகாரத்தோடு ஒரு நிமிடம் ஒப்பிட்டேன், அணைத்தேன். மறுபடி போட்டேன், ஒப்பிட்டேன், அணைத்தேன். வெயிலில் வைத்தும் பார்த்தேன். ஹீட்டருக்குப் பக்கத்தில்கூட வைத்தேன். எள்ளளவும் பிசகவில்லை. எனக்கு ஒரே பெருமை.

அப்போதுதான் அம்மா போன் செய்தாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ஒரு மாப்பிள்ளை. உயரம், நிறம், குலம், கோவில், அவருடைய தங்கையைக் கட்டிக் கொடுத்த ஊர், அந்தத் தங்கையின் மாமியாருக்கு மூட்டுவலி என்று எல்லாம் வந்தது. நான் “ம்” போட்டுக்கொண்டே வெராண்டாவில் நடந்தேன். அம்மா ஆரம்பித்தால் சீக்கிரம் முடிப்பவள் அல்ல. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகி, போன் சூடாகி அதுவாகவே நின்ற பிறகுதான் லேபுக்குள் திரும்பினேன்.

பெட்டியை அணைக்க மறந்திருந்தேன். சும்மா இன்னொரு தடவை ஒப்பிட்டேன். கடிகாரத்தின் முள் ஒரு நிமிடம் சுற்றி வந்தபோது பெட்டி ஐம்பத்தெட்டரை நொடிதான் என்றது.

மறுபடி பார்த்தேன். அதே ஐம்பத்தெட்டரை. நிழலில்தான் இருந்தது, மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டுப் போட்டேன். உடனே சரியாகிவிட்டது.

நான் ஒரு நாளும் இந்தப் பெட்டியை ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல ஓடவிட்டுப் பார்த்ததில்லை. களத்திலோ பூஜை போட்டதிலிருந்து அணைப்பதே இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

துணி துவைக்கவில்லை. அம்மா திட்டினாள். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் போலிருக்கிறது.

பெட்டிக்குள் கணக்குப் போடுகிற சில்லுக்கு, அதாவது சிப்புக்கு, நம்மைப்போலப் பத்து விரல் கிடையாது. பூஜ்யம், ஒன்று என்று இரண்டே இலக்கம்தான். அதனால் ஒன்றுக்குக் கீழே அதனிடம் இருக்கிற அளவுகள் எல்லாம் பாதி பாதியாகப் போகும்: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், அதற்கும் பாதி, அதற்கும் பாதி. பால் பூத்தில் இந்த அளவுக் குவளைகள் மட்டும் இருந்து, லிட்டரில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு கேட்டால் என்ன செய்வார்கள்? வீசம் ஊற்றி, அரைவீசம் ஊற்றி, கிட்ட வந்து, இன்னும் துளி குறைந்து, இன்னும் சின்னக் குவளை தேடி, அதிலும் துளி மிச்சம் வந்து, காலம் பூராவும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நூறில் ஒரு பங்குக்கும் அதே கதிதான். அதனால் சில்லு ஒரு இடத்தில் போதும் என்று நிறுத்திவிடுகிறது.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு எண்ணை எழுத அதற்கு இத்தனை கட்டம்தான் என்று ஒரு அளவு உண்டு. நான் அதனிடம், சுவிட்ச் போட்டதிலிருந்து ஒவ்வொரு நூறில் ஒரு நொடிக்கும் 0.01ஐக் கூட்டிக்கொண்டே போ என்று சொல்லியிருந்தேன். கூட்டுத்தொகை பெரிதாகப் பெரிதாக, பெரிய இலக்கங்கள் கட்டங்களை எல்லாம் பிடித்துக்கொள்கின்றன, சின்னக் குவளைகளுக்கு இடமில்லை. ஒரு மணி நேரம் தாண்டியதும், கூட்டுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்திவிடுகிறது. பெட்டி மெதுவாகிறது. மெதுவான கடிகாரத்தில் எல்லா மாடும் வேகமாகத்தான் தெரியும். புரோகிராமை எழுதும்போது என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேனே, அதில் கட்டங்கள் தாராளம், அதனால் தெரியவில்லை.

ஆக முதல் மணி நேரத்தில் ஓடுகிறவனுக்கு மட்டும் உண்மையான நேரம். மற்றவர்களுக்கு எல்லாம் தள்ளுபடி. மூன்று பந்தயத்தையும் கணக்குப் போட்டுத் திருத்திப் பார்த்தேன். மூன்றிலும் பட்டீஸ்வரன்தான் முதல். மாமா இரண்டாவது.

வெயில் இல்லை, ஓலை தேவையில்லை, அந்த ஆள் சொன்ன காரணம் சுத்தப் பிசகு. ஆனால் பெட்டி சோம்பியது நிஜம்.

பெட்டியைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. வரத்தான் செய்தது, ஏன் மறைக்க வேண்டும். மாமாவின் கோப்பைகள் அலமாரியிலேயே இருக்கும், என் பெயரும் கெடாது. ஆனால் நாளை மறுநாள் செவ்வாய். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்து சோறு இறங்கவில்லை.

ஜனவரி 26, திங்கள்

கல்லூரியில் கொடியேற்றிவிட்டு, கொடுத்த லட்டோடு நேராக மாமா வீட்டுக்குப் போனேன். காலையிலேயே சுவிட்சைப் போட்டு ஓடவிட்டிருந்த பெட்டியையும் கொண்டுபோனேன். அவருடைய சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே வைத்து, நீங்களே பாருங்கள் என்றேன்.

மாமா ஒரு நிமிடம் மூச்சுவிடாமல் பார்த்தார். பிறகு கடிகாரத்துக்கு பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார். கையில் கட்டியிருந்ததைப் பார்த்தார். அத்தையின் போனைப் பார்த்தார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப என்ற மாடு தோத்துருச்சா கண்ணு?”

“தோக்கல மாமா. ரெண்டாவது.”

“ரெண்டாவதுன்னா தோத்ததுதான.”

பருத்திக்கொட்டையோடு பூண்டு சேர்த்து அரைத்துக் கொடுப்பதுதான் ரகசியம் என்று மூன்று தாலுகாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறார், பாவம். அதைக் கேட்டு எத்தனை மாடுகள் இன்று பூண்டு நாற்றத்தோடு நிற்கின்றனவோ. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப நெசத்துல ஆறுச்சாமி வீட்டு மாடுதான் முதல்ல, இல்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும் கேட்டார். ஆமாம் மாமா என்றேன். “வெளிய யாருகிட்டயும் மூச்சு விட்டறாத சாமி. ரெண்டு நாள் பொறு. நானே மைக்குல சொல்றன்” என்றார். அப்படியானால் சந்தை என்ன ஆவது என்று கேட்டேன். “அதை நான் பாத்துக்கறன்” என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் மாமாவின் மனைவி சரசு அத்தை பலகாரம் கொடுக்க வந்தாள். “உங்க மாமனுக்கு என்ன ஆச்சு புள்ள? நாளைக்கு வெடியால சந்தைக்குப் போறாராம். புதுக் கயிறு ரெண்டு வாங்கிட்டு வந்து எண்ணெய் போட்டுத் தடவிட்டு இருக்கறாரு.”

புதுக் கயிறு ரெண்டு, அந்த ஜோடியிலும் மாடு ரெண்டு. அடப்பாவி மாமா!

ஜனவரி 27, செவ்வாய்

இருட்டோடு ஸ்கூட்டரை எடுத்தேன். ஆறுச்சாமி வீட்டில் மாட்டுக் கொட்டகை காலி, சந்தைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது சந்தை பாதி நிறைந்திருந்தது. சாணியிலும் சேற்றிலும் வழுக்கி, சுடிதார் முழங்கால்வரை நாசம்.

புளியமரத்தடியில் ஒரு கூட்டம். நடுவில் மாமாவும் ஆறுச்சாமியும் நின்றார்கள். இரண்டு பேர் கையின் மேலும் மாமாவின் சரிகைத் துண்டு. எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். துண்டு அசைவதை வைத்து, விலை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று தெரிந்தது. பட்டீஸ்வரன் கொஞ்சம் தள்ளி, வாத்தியார் கழுத்தில் கை போட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். யார் வாங்குகிறார்கள் என்பதுகூட அவருக்கு முக்கியமில்லை போலிருந்தது.

“விக்காதீங்க!” என்று கத்தினேன்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. இருபத்தெட்டு வருஷத்தில் நான் அப்படிக் கத்தியதில்லை.

“பொட்டி தப்புங்க. நான் செஞ்ச பொட்டிதான் தப்பு. ஒரு மணி நேரம் போச்சுன்னா நேரத்தைக் கொறைச்சுக் காட்டுது. உங்க மாடு ஒரு பந்தயத்துலயும் தோக்கலீங்க. மூணுலயும் அதுங்கதான் முதல்.”

ஆறுச்சாமி துண்டுக்கு அடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். மாமாவின் கை மட்டும் துண்டைப் போர்த்திக்கொண்டு தனியாக நின்றது.

“ஏன் சென்னி, உனக்கு இது தெரியுமா?”

மாமா என்னை முறைத்தார். “ரெண்டு நாள் பொறுன்னு சொன்னன்ல கண்ணு” என்றார். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். ஆறுச்சாமியும் சிரித்துவிட்டார். “வெசை போன மாட்டுக்கு இவன் இத்தனை வெரல் புடிக்கறானேன்னு எனக்கு அப்பவே சந்தேகந்தான்” என்றார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பருத்திக்கொட்டை என்ன விலை என்று விசாரிக்கப் போவதாகச் சொல்லி நகர்ந்தார்.

நான் பட்டீஸ்வரன் பக்கம் போனேன். அப்பவே சொன்னேனே என்பார், பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவரோ கயிறு பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. சந்தை நடுவில் சேற்றோடு நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அவர் கட்டைவிரலை நீட்டிக் கேட்டார்.

“அப்ப என்ற கட்டைவெரலு சரிதானுங்களா டீச்சர்?”

பிப்ரவரி 1, ஞாயிறு

சங்கக் கூட்டம். மாமா மைக்கைப் பிடித்து, பெட்டியில் இருந்த கோளாறைத் தானே ராப்பகலாக ஆராய்ந்து கண்டுபிடித்ததுபோலப் பேசினார். மூன்று கோப்பைகளையும் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்து ஆறுச்சாமி கையில் கொடுத்தார். கொடுக்கும்போது கண் கலங்கியது நடிப்பில்லை. பெட்டியை அவ்வப்போது அணைத்துப் போட்டால் போதுமே என்று ஒருவர் சொன்னார். பூஜை போட்டதை அணைப்பதா என்று மாமா உட்படச் சங்கமே எழுந்து நின்றுவிட்டது. சரி, நானே மாற்றுகிறேன் என்றேன். இனி பெட்டி புள்ளி வைத்த எண்ணைத் தொடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று முழுசாக எண்ணும், கடைசியில் காட்டும்போது மட்டும் புள்ளியை வைத்துக்கொள்ளும். முழு எண்ணில் அது துளியும் சிந்தாது.

சிங்கப்பூர் மாப்பிள்ளை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பால் வாங்கிவருகிறேன் என்று கிளம்பியபோது, இந்தத் தடவை அம்மா மறிக்கவில்லை. தூக்குப்போசியைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பந்தயம். மாமா மரியாதை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு முதல் வண்டியாக ஓட்டினார். “இனிமே யாரும் என்னையப் பாத்துத் தள்ளுபடின்னு சொல்லப்படாது” என்றார். நல்ல நேரம்தான். மதியம்வரை அதை யாரும் முந்தவில்லை. கடைசி வண்டியாக, பூத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பட்டீஸ்வரன் வந்தார். ஊமையனும் வாத்தியாரும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது கண்ணிமைக்கும் நேரம். களத்தில் பத்துப் பேர் போனில் அளந்தார்கள். பெட்டியும் போன்களும் ஒன்றையே சொல்லின. பட்டீஸ்வரன் முதல், மாமா இரண்டாவது.

“ரெண்டாவதுன்னா ஒண்ணும் மோசமில்ல” என்றார் மாமா. பூண்டை நிறுத்தப்போவதாக அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பட்டீஸ்வரன் வந்து மேஜைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டீச்சர், நீங்க சொன்ன அந்தப் பத்துல ஒண்ணு இருக்குதுல்லங்க, அது பொட்டிக்கு எப்படித் தெரியும்? எழுதிக் காட்டுங்களே.”

பந்தய நோட்டீஸைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தேன். பூஜ்யம், புள்ளி, மூன்று பூஜ்யம். பிறகு ஒன்று ஒன்று, பூஜ்யம் பூஜ்யம், ஒன்று ஒன்று, பூஜ்யம் பூஜ்யம்.

“அப்புறமுங்க?”

“அப்புறமும் இதேதான். இது முடியாதுங்க. பொட்டி நடுவுல வெட்டிருச்சு, அதுதான் இத்தனை வம்பு.”

“நீங்க வெட்ட வேண்டாம். எழுதுங்க.”

“முடியவே முடியாதுன்னு சொல்றேன்ல.”

“முடியாட்டிப் போவுதுங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்ல.”

அவர் முகத்தைப் பார்க்காமல் எழுதினேன். சந்தோஷத்தில் எனக்கு ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நோட்டீஸ் தீர்ந்ததும் அவரே இன்னொன்றை எடுத்துத் திருப்பி வைத்தார். வண்டியிலிருந்து அவிழ்த்துக் கட்டியிருந்த வாத்தியார் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

பந்தலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா கூப்பிட்டார். “கண்ணு, கடைசி வண்டி ஓடி எத்தனை நேரமாச்சு, பொட்டிய அணைச்சியா?”

“இன்னும் இல்ல மாமா” என்றேன்.